துறைமுகம் இல்லாத துறைமுகப் பட்டினம்

மாத்தூரிலிருந்து கடல் தெரியாது. மாதவரத்துக்கும் மணலிக்கும் இடையே ஏரியை ஒட்டிக் கிடந்த இந்த ஊர் 2011 வரை தனி ஊராட்சி. அதற்குப் பிறகுதான் சென்னை மாநகராட்சியின் மணலி மண்டலத்தில் சேர்ந்தது. எம்.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மனைப்பிரிவு வந்து, மணலி ஆலைகளிலும் திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்கள் வீடு கட்டிக் குடியேறிய பிறகு ஊரின் முகமே மாறிப்போனது. ஆனாலும் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் சாலை எப்படி இருக்கும் என்பதையும், இரவு ஷிப்ட் முடிந்தவர் எத்தனை மணிக்கு வீடு சேர்வார் என்பதையும் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடல்தான். துறைமுக வாயிலில் தேக்கம் என்றால் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலைகளிலும் வரிசை கட்டி நின்றுவிடும். டிரெய்லர்காரர்கள் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று வண்டியை நிறுத்தினால், கப்பலில் வந்த சரக்கு கப்பலடியிலேயே கிடக்கும். கப்பலுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கும் மனிதரை நம்பித்தான் துறைமுகம் என்ற உண்மை அப்போதுதான் நகரத்துக்கு உறைக்கிறது. வடசென்னைக்கு இது புதிய பாடமல்ல. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் இந்தப் பட்டினம் துறைமுகமே இல்லாமல் துறைமுக வணிகம் செய்தது. அந்தக் காலம் முழுவதும் கப்பலையும் கரையையும் இணைத்தவர்கள் மசுலாப் படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும். அவர்கள் வெறும் உடலுழைப்பை விற்றவர்கள் என்று பொதுவாக எழுதப்பட்டிருக்கிறது. அவர்களிடம் இருந்தது பரம்பரையாகக் கைமாறிய ஒரு தொழிற்பண்பாடு என்பதும், அந்தப் பண்பாடுதான் செய்தித் தொடர்பையும் அவர்களுடைய அடையாளத்தையும் அவர்கள் வாழ்ந்த இராயபுரத்தின் அன்றாடத்தையும் ஒருசேர வடித்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்த மணல்திட்டைப் பெற்ற பிரான்சிஸ் டே துறைமுகத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கவில்லை. நல்ல துணி மலிவாகக் கிடைத்தது, நாயக்கர்கள் அனுமதி தந்தார்கள், பக்கத்திலேயே போர்த்துகீசியரின் சாந்தோம் இருந்தது. ஆனால் கப்பல் ஒதுங்க ஒரு வளைகுடாவோ ஆழமான ஆற்றுமுகமோ கிடையாது. கூவத்தின் வாயை ஆண்டின் பெரும்பகுதி மணல் அடைத்துக்கொண்டிருக்கும். கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நின்றன. நடுவில் அடுக்கடுக்காக உடையும் அலைகள். கப்பலோடு வந்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலைகளில் நுழைந்தால் கவிழ்ந்தன, அல்லது தரைதட்டிப் பிளந்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடிமரத்துக் கொடியை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் நடுவில்தான் மறுபடி ஏற்றுவார்கள். இடைப்பட்ட இரண்டு மாதம் கப்பல்கள் இந்தக் கரையில் தங்கக்கூடாது என்பது அதன் பொருள். மற்ற பத்து மாதமும் ஆளுநர் முதல் சிப்பாய் வரை, வெள்ளிக்காசுப் பெட்டி முதல் துணிப்பொதி வரை, இலண்டனிலிருந்து வந்த கடிதம் உட்பட எல்லாமே மசுலாப் படகேறித்தான் கரை சேர வேண்டும்.

அந்தப் படகு ஆணியில்லாத படகு. மெல்லிய பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் ஒன்றோடொன்று தைத்து, தையலின் மேல் வைக்கோலோ நாரோ திணித்து இறுக்கிக் கட்டுவார்கள். உள்ளே விலாச்சட்டம் இராது. அடி தட்டையாகவும் பக்கம் உயரமாகவும் இருக்கும். அலை தூக்கி மணலில் அறைந்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. தையல் வழியே நீர் எப்போதும் கசியும்; இறைப்பதற்கென்றே படகில் ஆள் உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு பேர் துடுப்புப் போட, பின்னால் நீண்ட துடுப்போடு படகுத் தலைவரான தண்டல் நிற்பார். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பாரிஸ் 1840-களில் வெளியிட்ட நூலில் இந்தக் கரையின் தையற்படகுகளை வரைந்து அளவு குறித்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதிய ஆய்வில் அவற்றுக்கு இடம் தந்தார். இந்தப் படகு ஒருமுறை கட்டி முடித்து விற்கும் பொருளன்று. நார் உப்பில் ஊறி நைந்துகொண்டே இருக்கும். பிரித்துத் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தைக்கத் தெரிந்த குடும்பங்கள் கரையிலேயே வாழ்ந்தால் மட்டுமே படகு படகாக இருக்கும். கம்பெனியால் படகை விலைக்கு வாங்க முடியும். அதை உயிரோடு வைத்திருக்கும் அறிவை வாங்க முடியாது. படகுக்காரர்கள் மீது கம்பெனிக்கு எத்தனை எரிச்சல் வந்தாலும் அவர்களை விலக்க முடியாமல் போனதன் வேர் இங்கே இருக்கிறது.

படகைவிட நுட்பமானது அதைச் செலுத்திய முறை. சென்னைக் கரையில் இறங்கிய ஐரோப்பியப் பயணிகளில் பலர் படகுக்காரர்களின் பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர் அதைக் காட்டுக் கூச்சல் என்றோ வேடிக்கை என்றோ எழுதினார்கள். அவர்களுடைய வருணனைகளையே கவனித்துப் படித்தால் வேறொன்று புலப்படும். அமைதியான நீரில் பாட்டு நிதானமாகப் போகிறது. அலை உடையும் இடத்துக்கு முன்னால் துடுப்புகள் நின்றுவிடுகின்றன. தண்டல் பின்புறம் எழும் அலையைப் பார்த்தபடி காத்திருக்கிறார். தகுந்த அலை வந்ததும் காலால் பலகையை உதைத்துக் குரல் கொடுக்கிறார்; பாட்டு வேகமெடுக்க, எல்லோரும் ஒரே மூச்சில் வலிக்கிறார்கள். அலையின் இரைச்சலில் சொல் கேட்காது, தாளம் கேட்கும். ஆக, அந்தப் பாட்டு பன்னிரண்டு பேரை ஒரே கணத்தில் இயக்கிய கட்டளை. கரைக்கும் கப்பலுக்கும் இடையே இன்னொரு மொழியும் இருந்தது: அலை கடக்க முடியாத அளவு எழுந்தால் கடற்கரை அலுவலகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறும், கப்பலிலிருந்து யாரும் இறங்கக்கூடாது. கொடி ஏறிய நாளிலும் செய்தி போகவேண்டும் என்றால் கட்டுமரக்காரர் போவார். நீர் புகாதபடி முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு, அலை அடித்துத் தள்ளினால் நீந்திப் போய் மரத்தைப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்வார். படகு கவிழ்ந்தால் பயணிகளைத் தூக்கியெடுக்கவும் கட்டுமரங்களே கூடப் போயின. உயிர் காத்தவர்களுக்குப் பதக்கம் தந்த வழக்கமும் இருந்தது. கொடி அரசாங்கத்தின் மொழி, பாட்டு படகின் மொழி. இரண்டுக்கும் நடுவில் கடலைப் படித்துச் சொன்னவர்கள் இவர்கள்.

இதில் பண்பாடு எங்கே வந்தது, அலைதானே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று ஒருவர் கேட்கலாம். சோழமண்டலக் கரையில் அலை கடுமை, அதனால் தையற்படகு. நீர் கசியும், அதனால் இறைக்க ஆள். நியாயமான கேள்விதான், ஆனால் முழு விடை ஆகாது. மேற்கு ஆப்பிரிக்காவில் அக்ரா கரையிலும் இதே நிலைதான் இருந்தது. அங்கும் கப்பல்கள் தள்ளி நின்றன, அலைகள் கரையை அறைந்தன, படகோட்டிகளே சரக்கை இறக்கினார்கள். 1962-ல் தெமா துறைமுகம் திறக்கப்படும் வரை அது நீடித்தது. ஆனால் அங்கே கடலோடிகள் ஒரே மரத்தைக் குடைந்து செய்த படகுகளிலிருந்து தொடங்கினார்கள். முன்னோக்கி அமர்ந்து கைத்துடுப்பால் தள்ளினார்கள். ஆள் சேர்ப்பது, கூலி பேசுவது, தலைவனுக்குக் கட்டுப்படுவது எல்லாம் அவர்களுடைய ஊர் முறைப்படி நடந்தன. அலை ஒரே கேள்வியைத்தான் இரு கரைகளிடமும் கேட்டது. பதில் வேறு வேறாக வந்தது. வெளியிலிருந்து வந்த ஐரோப்பியர் அதே அலையின் எதிரில் நூறாண்டுகளுக்கு மேல் நின்றும் சொந்தமாக ஒரு பதிலைக் கண்டுபிடிக்காமல் படகுக்காரரையே நம்பியிருந்தார்கள். இயற்கை மட்டும் போதுமென்றால் அவர்களும் கற்றுக்கொண்டிருப்பார்கள். தலைமுறையாகக் கூடி வாழ்ந்து, சிறுவனாக நீர் இறைத்து, பிறகு துடுப்புப் பிடித்து, கடைசியில் தண்டலாகும் ஒரு வாழ்க்கை முறை அதற்குத் தேவைப்பட்டது.

அந்த வாழ்க்கை முறைக்கு ஓர் இடம் கிடைத்தபோதுதான் இராயபுரம் இராயபுரமானது. கோட்டையை ஒட்டிய கரையில் வாழ்ந்த படகுக்காரர்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், 1799-ல், கம்பெனி வடக்கே நிலம் ஒதுக்கியது. கம்பெனி ஏடுகள் இவர்களை முக்குவர் என்று ஒரே பெயரில் அடக்கின. கரையிலோ பல சாதிகள், பல பட்டங்கள், இந்துக்கள், கத்தோலிக்கர் என்று பிரிவுகள் இருந்தன. கத்தோலிக்கரான படகுச் சமூகத்தார் 1829-ல் புனித இராயப்பர் கோயிலைக் கட்டினார்கள். மீனவரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்றே அழைத்தார்கள். ஊரின் பெயரையும் அவரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். படகு வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிச் சேர்த்த பொதுப்பணம் இப்படிப்பட்ட காரியங்களுக்குப் பயன்பட்டது. வணிகச் சாதிகள் மகமை என்று பிரித்துக் கோயிலும் சத்திரமும் கட்டிய அதே மரபின் கடற்கரை வடிவம் இது. படகு கவிழ்ந்து ஆள் போனால் குடும்பத்துக்கு எதுவும் எழுதி வைக்காத தொழில் அது. பொதுப்பணமும் கோயிலும் ஊர்த் தலைமையான தலைக்கட்டும் அங்கே காப்பீடாகவும் வழக்குமன்றமாகவும் இருந்தன. யார் எந்தப் படகில் ஏறுவது, எந்த நாளில் கடலுக்குப் போகக்கூடாது, திருமணம் யாரோடு என்பவையெல்லாம் ஒரே கூட்டத்தில் பேசித் தீர்ந்தன. தொழிலையும் வழிபாட்டையும் உறவையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது பின்னால் வந்த ஆலை உலகத்தின் கணக்கு. இராயபுரம் அவற்றை ஒன்றாகவே வாழ்ந்தது.

இந்தக் கூட்டு வலிமையைத்தான் அதிகாரிகள் குற்றமாக எழுதி வைத்தார்கள். கம்பெனி ஏடுகளிலும் பயண நூல்களிலும் படகுக்காரர் திருடர், திமிர் பிடித்தவர், நடுக்கடலில் படகை நிறுத்திக் காசு கேட்பவர் என்ற புகார் திரும்பத் திரும்ப வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையின் உழைப்பாளர் வரலாற்றை ஆராய்ந்த ரவி அகுஜா, கம்பெனி கூலியையும் கட்டணத்தையும் அதிகாரத்தால் நிர்ணயிக்க முயன்றதையும், உழைப்பவர்கள் வேலையை விட்டு வெளியேறியும் கூட்டாக மறுத்தும் அதை எதிர்த்ததையும் காட்டியிருக்கிறார். அந்த வெளிச்சத்தில் படித்தால் புகார்களின் பொருள் மாறுகிறது. கட்டணத்தைக் கம்பெனி எழுதியது. அலையின் ஆபத்தைப் படகுக்காரர் சுமந்தார். சரக்கு நனைந்தாலும் குறைந்தாலும் பழி அவர் மேல் விழுந்தது. எழுதப்பட்ட கட்டணத்துக்கும் உண்மையான ஆபத்துக்கும் இடையிலிருந்த இடைவெளியை அவர்கள் நடுக்கடலில் பேரம் பேசி நிரப்பினார்கள். திருட்டே நடக்கவில்லையா என்றால், நடந்தது. பொதி பிரிக்கப்பட்டதும் பெட்டி காணாமல் போனதும் வெறும் கற்பனையாக இருக்க முடியாது. ஆனால் ஒரு சமூகம் முழுவதையும் திருட்டுப் பழக்கம் உள்ளதென்று எழுதியவர்கள், அதே சமூகத்தின் கையில் வெள்ளிப் பெட்டிகளையும் தங்கள் மனைவி மக்களையும் ஒப்படைத்து ஆண்டுதோறும் கரை சேர்ந்துகொண்டிருந்தார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் இத்தனை காலம் வணிகம் நடக்காது.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு மறுப்பும் வரலாம்: இது அடிமைத்தனத்துக்குப் பண்பாடு என்று பூச்சூடுவது ஆகாதா? கம்பெனி படகுக்காரர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கியது, தண்டித்தது. படகு உடைமையாளருக்கும் துடுப்புப் போட்டவருக்கும் நடுவே பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. சாதிக்கட்டு வெளியாரைத் தொழிலுக்குள் விடவில்லை. கோயில் நிர்வாகத்தைச் சுற்றிப் பின்னாளில் நீண்ட பூசல்களும் எழுந்தன. இவை அத்தனையும் உண்மை, வாதத்துக்கு உள்ளேயே வைத்துப் பேச வேண்டியவை. பண்பாடு என்றாலே இனிமை என்று கொள்வதுதான் பிழை. ஒரே கட்டமைப்பு கம்பெனிக்கு எதிரில் துடுப்புக்காரரைக் காத்தது. கூட்டத்துக்குள் அவரை உடைமையாளருக்குக் கீழே நிறுத்தியது. தலைக்கட்டு கூலி பேசித் தந்தது, அதிலேயே தன் பங்கையும் எடுத்துக்கொண்டது. பெண்களின் பங்கு ஏடுகளில் ஏறவே இல்லை. கரையில் குடும்பத்தைத் தாங்கியவர்களுக்குக் கட்டணப் பட்டியலில் பெயர் கிடையாது. இவற்றைச் சொல்லும்போதும் அடிப்படை வாதம் தளரவில்லை, கூர்மையாகிறது: அன்றாடத்தை வடிவமைத்த ஒன்று நன்மையை மட்டும் வடிவமைக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நீராவியும் இரும்பும் வந்தன. 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நிலையத்துக்கு ரயில் ஓடியது; தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. ரயில் கடிகாரக் கணக்கில் ஓட, கப்பலுக்கும் ரயிலுக்கும் இடையே மட்டும் தையற்படகு. வணிகர்களின் பொறுமை குறைந்தது. 1860-களின் தொடக்கத்தில் அலைகளைத் தாண்டிச் செல்லும்படி 1,100 அடி நீள இரும்புப் பாலம் கட்டினார்கள். புயலும் மோதிய கப்பல்களும் அதை உடைத்தன. 1875-ல் இரண்டு கரங்களை நீட்டினாற்போலச் செயற்கைத் துறைமுகம் தொடங்கியது. முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் அதைச் சிதைத்தது. மறுபடி கட்டிய பின்னும் கிழக்கு வாயில் மணலாலும் அலையாலும் தொல்லை தந்தது. 1904-ல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை அடைத்து, 1911-ல் வடகிழக்கில் புதுவாயில் திறந்த பிறகே சென்னைக்கு நம்பகமான துறைமுகம் வாய்த்தது. இரும்புப் பாலம் நின்ற காலத்திலும் துறைமுகக் கரங்கள் எழுந்த காலத்திலும் மசுலாக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் பொறியியல் தோற்றுத் தோற்றுக் கற்ற காலம் முழுவதும் நகரத்தைப் பட்டினி போடாமல் காத்தது பழைய படகு என்பதைத் துறைமுக வரலாறுகள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன.

படகோடு அந்தப் பண்பாடும் போய்விட்டதே, இன்று அதைப் பேசி என்ன பயன் என்று கேட்டால், கரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்தக் கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகக் கரங்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து கடற்கரை அகன்றது; 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார், நகரம் அதைத் தன் பெருமையாக்கிக்கொண்டது. வடக்கே, மணல் வராத கரையைக் கடல் அரித்தது. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க் கரைகளில் தெருக்களும் வீடுகளும் போயின. இன்று கருங்கல் கொட்டிய தடுப்புகள்தான் கரையாக நிற்கின்றன. கப்பலையும் ஊரையும் இரண்டரை நூற்றாண்டு இணைத்தவர்களின் கரையையே துறைமுகம் தின்றது. இந்தக் கரையின் கடலோடிகள் வடக்கிலிருந்து வரும் நீரோட்டத்தை வன்னி என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும் பிரித்து, மாதத்துக்கு மாதம் எது ஓடும் என்று தெரிந்து வைத்திருப்பவர்கள். பொறியாளர்கள் அடைபட்ட வாயிலைப் பார்த்துக் கற்றதை அவர்கள் அன்றாடத் தொழிலின் பாடமாக வைத்திருந்தார்கள். அறிவு சமூகத்தோடு ஒட்டியிருக்கும்போது அது அறிவாகவே கணக்கில் வருவதில்லை. பழக்கம் என்று பெயர் பெற்றுவிடுகிறது. அதன் விலையை வடசென்னை நிலமாகக் கொடுத்திருக்கிறது.

பேரமும் போய்விடவில்லை, இடம் மாறியது. படகுகள் குறைந்தபோது துறைமுகத்துக்குள் மேஸ்திரி வழியே ஆள் எடுக்கும் சுமைக்கூட்டங்கள் வந்தன. நாள்கூலியின் நிச்சயமின்மையைக் கட்டுப்படுத்த 1948-ல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1983-ல் சென்னையில் கண்டெய்னர் முனையம் திறந்ததும் சுமைக்கூட்டங்களின் தேவையும் சுருங்கி, கிரேனும் டிரெய்லரும் அந்த இடத்தைப் பிடித்தன. படகுக்காரரின் வாரிசு டிரெய்லர் ஓட்டுநர் என்று நேர்கோடு இழுத்துவிட முடியாது. ஓட்டுநர்கள் பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள், அவர்களுக்கு ஒரே கோயிலும் ஒரே தலைக்கட்டும் இல்லை. வேறுபாடும் அங்கேதான் இருக்கிறது. கப்பலுக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள ஆபத்தையும் தாமதத்தையும் சுமப்பவர் இன்றும் ஒருவர் உண்டு. ஆனால் அவருக்குப் பின்னால் நிற்கும் ஊர் இல்லை. வாயிலில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தால் அந்த நேரத்துக்கு விலை கேட்க அவரிடம் நடுக்கடல் இல்லை, வேலைநிறுத்தம் மட்டுமே இருக்கிறது. மணலியிலும் மாத்தூரிலும் சாலையோரம் உறங்கும் ஓட்டுநருக்குக் கழிப்பறையும் குடிநீரும் ஓய்விடமும் கேட்டால் அது துறைமுகத்தின் பொறுப்பா, மாநகராட்சியின் பொறுப்பா என்ற கேள்வியில் விவகாரம் நின்றுவிடுகிறது. மசுலாக் காலத்தின் அநீதிகளோடு சேர்த்துப் பார்த்தாலும், இராயபுரம் தன் ஆட்களுக்குத் தந்த ஒன்றை இன்றைய துறைமுகம் தரவில்லை. தொழில் செய்பவர் யார், அவர் எங்கே தங்குவார், விழுந்தால் யார் தூக்குவது என்பதற்கு அங்கே பதில் இருந்தது. துறைமுக விரிவாக்கத் திட்டங்கள் ஆழத்தையும் கொள்ளளவையும் எழுதும் பக்கத்திலேயே இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுத வேண்டும். விடை இல்லாத திட்டம் சரக்கை மட்டுமே கரை சேர்க்கும்.